எங்கள் சத்துணவு அக்காவுக்கும் ஊருக்கும் ஒரு நன்றி மடல்

பெற்றோருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் பள்ளியின் பழைய மாணவர்களுக்கும் வணக்கம்.

நேற்று சாயங்காலம் நம் பிள்ளைகள் குழந்தைகள் அறிவியல் மாநாட்டின் மாவட்ட மேடையில் தங்கள் பருப்பு வேகவைக்கும் சோதனையைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கினார்கள். ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமே வரவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன். நடுவில் அந்தச் சோதனை ஏன் நின்றுபோனது, கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைக் கிளற வேண்டாம்.

“போர் தண்ணியில பருப்பு ஏன் டீச்சர் வேகவே மாட்டேங்குது?” ஏழாம் வகுப்பில் ஒரு பெண் கேட்டது. கால்சியம், மக்னீசியம் உப்புகள் அதிகம் கரைந்த கடினநீர் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கலாம். ஊரில்தான் காவிரித் தண்ணீரும் வருகிறது, போர் தண்ணீரும் வருகிறதே, பிள்ளைகளே வேகவைத்துப் பார்க்கட்டும் என்று ஆரம்பித்தோம்.

ஆளுக்கு ஒரு பிடி துவரம்பருப்பு வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். எங்கள் சத்துணவு அக்கா கரண்டியும் கையுமாக வந்து எட்டிப் பார்த்தார். “ஆளுக்கொரு வீட்டுப் பருப்பைப் போட்டா என்னத்தத் தெரியும்? நாள்பட்ட பருப்பு நல்ல தண்ணியிலயும் லேசுல வேகாது. ஒரே மூட்டைப் பருப்பு, ஒரே மாதிரிச் சட்டி, ஒரே அடுப்பு. தண்ணி மட்டும் மாறட்டும்.” பி.எட். வகுப்பில் பல பக்கங்களுக்கு நீண்ட சமாச்சாரம், அடுப்படியில் நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. மறுநாள் தன் வீட்டிலிருந்தே ஒரே அளவில் இரண்டு எவர்சில்வர் சட்டி கொண்டுவந்தார்.

அப்புறம்தான் எல்லாம் நின்றுபோனது. பிள்ளைகள் அடுப்படிப் பக்கம் போகக் கூடாது என்றாகிவிட்டது. நானும் நம்பிக்கையை விட்டுவிட்டேன்.

மறுபடி அனுமதி கிடைத்து உள்ளே போனால், ஸ்டோர் ரூம் கதவின் பின்பக்கம் முழுக்கச் சாக்பீஸ் எழுத்து. தேதி, எந்தத் தண்ணீர், அடுப்பில் ஏற்றிய நேரம், விரலால் நசுக்கினால் மசிந்த நேரம். மதியச் சாப்பாட்டு வேலை முடிந்தபின், யாரும் சொல்லாமலே, அக்கா தினமும் இரண்டு சட்டி வைத்திருக்கிறார். ஒரு நாளுக்கு மட்டும் நேரம் இல்லை. “கேஸ் தீர்ந்திருச்சு” என்று எழுதியிருந்தது. அந்த வரியை விட்டுவிடலாமா என்று பிள்ளைகளுக்குள் சண்டை. கடைசியில் அப்படியே அட்டவணையில் வைத்தார்கள். நடுவர் சரியாக அங்கேதான் விரல் வைத்தார். “கேஸ் தீர்ந்துபோச்சு சார், அதான் காலியா இருக்கு” என்றாள் நம் பெண். அவர் சிரித்துவிட்டார். எனக்குத்தான் கண் கலங்கியது.

மற்றவர்களுக்கும் ஒரு கும்பிடு: கையெழுத்துப் போட்டு எங்களுக்காக நின்ற தலைமையாசிரியர், டேங்க் திறந்துவிடும் அண்ணன், தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டியைத் தந்து சொட்டு விடக் கற்றுக்கொடுத்தவர்கள், வேன் வாடகையைப் பகிர்ந்துகொண்ட பழைய மாணவர்கள், 1993 முதல் நாடு முழுக்க நடந்துவரும் இந்த மாநாட்டை நம் பக்கம் நடத்தும் அறிவியல் இயக்கத்தார்.

கடினத்தன்மையை அளக்கத் தண்ணீரில் சொட்டு விட விடச் சிவப்பு நீலமாக மாறிய அன்று வகுப்பில் எழுந்த கூச்சல் தெருமுனை வரை கேட்டிருக்கும். கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 600 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. பருப்பின் செல் சுவரில் பசைபோல் உள்ள பெக்டினைக் கால்சியமும் மக்னீசியமும் இறுக்கிப் பிடித்துக்கொள்வதால்தான் அது குழைய மறுக்கிறது. இதையெல்லாம் இப்போது அந்தப் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். தேர்வுக்கு உதவுமா என்று கேட்டவர்களுக்கு, உதவும் என்றுதான் நினைக்கிறேன். உதவாவிட்டாலும் நான் நிறுத்துவதாக இல்லை.

அடுத்த கேள்வியையும் அக்காவே கொடுத்துவிட்டார்: பருப்பு வேகுமுன் புளியை ஊற்றினால், அப்புறம் எவ்வளவு கொதித்தாலும் ஏன் மசிவதில்லை? உங்கள் வீட்டு அடுப்படியில் இதைப் பார்த்திருந்தால், எந்தப் பருப்பு, எவ்வளவு புளி, எப்போது ஊற்றினீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, திங்கட்கிழமை பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள்.