டிசம்பர் 14: லெகோவில் பாம்பன் பாலம் கட்டுகிறோம்

அனைவருக்கும் வணக்கம்.

டிசம்பர் 14, ஞாயிறு காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் லெகோ கூடுகை. இந்த முறை, 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலம்.

கப்பலுக்கு வழிவிட இரண்டாகப் பிரிந்து மேலெழுந்துவந்த அதன் நடுப்பகுதி, நம் பாலத்திலும் திறந்து மூட வேண்டும். வீட்டில் ஒரு மாதிரி செய்து பார்த்தேன். பின்பக்கம் எடை போதாமல் தொப்பென்று விழுந்தது. பின்னால் எட்டுக் கட்டைகளை அடுக்கியதும், விரல் பட்டாலே எழுந்து நின்றது! பிள்ளைகள் இதைத் தங்கள் கையால் செய்து பார்க்க வேண்டும்.

1. கடலுக்கு நீல நிற அடித்தட்டுகள் எட்டு தேவை. 32 குமிழ் தட்டு ஒன்று 25.6 செ.மீ.; எட்டையும் சேர்த்தால் இரண்டு மீட்டரைத் தாண்டும்.

2. தூண்களுக்குச் சாம்பல் நிறக் கட்டைகள். பரணில் கிடக்கும் பழையவையும் பொருந்தும். 1958இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அதே பூட்டு முறைதான் இன்றும்.

3. டப்பாவின் மேல் வீட்டு எண்ணை எழுதுங்கள். சென்ற முறை கலந்துபோனவற்றைப் பிரித்து முடிக்க இரவு ஒன்பது ஆகிவிட்டது.

4. கட்டைகளைப் பல்லால் கடித்துப் பிரிக்க வேண்டாம். பிரிக்கும் கருவி வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள்.

5. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுடன் பெரியவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். சிறு துண்டுகளை விழுங்கிவிடும் ஆபத்து உண்டு.

மதியம் சாம்பார் சாதம், தயிர் சாதம்.

எத்தனை பேர் வருகிறீர்கள், யாரிடம் நீலத் தட்டு இருக்கிறது என்பதை டிசம்பர் 10, புதன் இரவுக்குள் இங்கேயே பதிலிடுங்கள்.