மீசை ஆலாவா, வெண்சிறகு ஆலாவா?

அன்பின் மச்சான்,

உன் கடிதமும் படங்களும் கிடைச்சுது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உன் படுவான்கரையில் உழவு தொடங்கிட்டுதாம், நல்லது. இங்கே கிழக்கே எழுவான்கரைப் பக்கமும் வாவியில் ஆலாக்கள் (இங்கிலிசில் tern என்கிற நீர்ப்பறவைகள்) இறங்கிட்டுது.

உழவு மெசினுக்குப் பின்னால் பறக்கிற உன் படத்துப் பறவையை வெண்சிறகு ஆலா என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அது மீசை ஆலாவாகத்தான் படுது. இந்த இரண்டிலயும் பேரை நம்பினால் மோசம் போவாய். மாரியில் இதுக்கு மீசையும் இல்லை, அதுக்கு வெண்சிறகும் இல்லை. இரண்டும் வெளிர் சாம்பல்தான். இரை பிடிக்கிறதும் ஒரே மாதிரி: தண்ணிக்குள்ள பாயாமல் மேலால கொத்திக்கொண்டு போகும்.

முதலில் வாலடியைப் பார், மேல்பக்கம் முதுகும் வாலும் சேருற இடம். மீசை ஆலாவுக்கு முதுகின் சாம்பல் அப்படியே வால்வரை ஓடும். வெண்சிறகுக்கு அந்த இடம் வெளுத்துத் தெரியும். நீ தவறினது இங்கதான். உழுத சேறு கறுப்பு. கமரா அதைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்ட, பறவையின் சாம்பலும் வெள்ளையாய் எரிஞ்சுபோச்சு. அடுத்த முறை வெளிச்சத்தை ஒரு படி குறைச்சு எடு. வானத்துக்கு எதிரே என்றால் மறுவளமாய்க் கூட்ட வேணும். சூரியன் உன் முதுகுப்பக்கம் இருக்க வேணும். வாவியைப் பார்க்க உன் கரையில் பின்னேரம், என் கரையில் காலை. சூரியன் எழுகிற கரை எழுவான், படுகிற கரை படுவான் என்று கரைகளின் பேரிலேயே அது இருக்கு!

பிறகு தலை. வெண்சிறகுக்குக் கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பொட்டு, கண்மட்டத்துக்குக் கீழேயும் தொங்கும், ஹெட்போன் மாட்டினது போல. மீசை ஆலாவில் அந்தக் கறுப்பு கண்ணிலிருந்து பிடரிக்குப் பட்டையாய் ஓடும், கீழே இறங்காது. உன் இரண்டாவது படத்தில் பட்டைதான் தெரியுது.

அலகை மட்டும் வைச்சு முடிவு கட்டாதே. மீசை ஆலாவின் அலகு தடிப்பு என்பது சரி, ஆனால் பெட்டைக்கு ஆணைவிடக் கட்டை. உடல் அளவும் அப்படித்தான்: மீசை 24–28 செ.மீ, மற்றது 20–24. தனியே பறக்கிறதில் இது கண்ணுக்குப் பிடிபடாது.

சித்திரையில் திரும்பிப் போகமுன், இனப்பெருக்கக் கால இறகுக்கு உடுப்பு மாற்றினதுகள் அகப்பட்டால் சண்டையே இல்லை. வெண்சிறகு உடலெல்லாம் கரியாகி, சிறகின் முன்பக்கம் வெளுத்திருக்கும். மீசைக்கு வயிறு கடுஞ்சாம்பல், கன்னத்தில் வெள்ளைக் கோடு, அலகு கருஞ்சிவப்பு.

அந்த மெசின் இன்னும் உழுதுகொண்டிருந்தால், பக்கவாட்டில் வாலடி தெரிய இரண்டு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் மச்சான்