பழைய ராக் சர்வர் வாங்கப்போகும் மகனுக்கு

அன்புள்ள கண்ணா,

வீட்டுக்கு ஒரு பழைய ராக் சர்வர் (அலமாரி மாதிரியான ராக்கில் செருகி வைக்கிற, கம்பெனிகளின் கம்ப்யூட்டர்) வாங்கப்போவதாக எழுதியிருந்தாய். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கம்பெனிகள் நாலைந்து வருஷம் ஓட்டிவிட்டுக் கழித்துக்கட்டுகிற மெஷின்களில் இன்னும் நிறைய உயிர் இருக்கும். ஆனால் கேட்கிற விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதே. அது இரவும் பகலும் ஓடப்போகிறது. சத்தம், சூடு, கரண்ட் பில் மூன்றும் உன்னோடுதான் குடியிருக்கும்.

முதலில் கரண்ட் கணக்கைப் போட்டுப் பார். எந்த வேலையும் இல்லாமல் 100 வாட் இழுக்கிற மெஷின் ஒரு நாளைக்கு 2.4 யூனிட், மாதத்துக்கு 72 யூனிட், வருஷத்துக்கு 876 யூனிட் தின்னும். இரண்டு பிராசஸரும் எட்டு டிஸ்க்கும் இருக்கிற மெஷின் சும்மா நிற்கும்போதே 150 வாட்டைத் தொட்டால் ஆச்சரியமில்லை. அந்த 150 வாட்டும் கடைசியில் அறையின் சூடாகத்தான் மாறும். உங்கள் ஊர் யூனிட் விலையால் பெருக்கி, மூன்று வருஷத்துத் தொகையை மெஷின் விலைக்குப் பக்கத்தில் எழுதி வை. உனக்கு வேண்டியது ஃபைல் சேமிப்பும் இரண்டு மூன்று சின்ன சர்வீஸும் மட்டும் என்றால் ஒரு பழைய ஆபீஸ் டெஸ்க்டாப்பே போதும். நிறைய ராம், நிறைய டிஸ்க், தூரத்திலிருந்தே ஆன் செய்து ஆஃப் செய்கிற வசதி, இவை நிஜமாக வேண்டும் என்றால் மட்டும் மேலே படி.

ராக்கில் உயரத்தை அளக்கிற அலகுக்கு யூ என்று பெயர். 1யூ மெஷின் வாங்காதே. அதன் உயரம் 4.4 சென்டிமீட்டர்தான். உள்ளே 40 மில்லிமீட்டர் ஃபேன்களைத்தான் வைக்க முடியும். சின்ன ஃபேன் அதே காற்றைத் தள்ள வேண்டுமானால் பல மடங்கு வேகமாகச் சுற்ற வேண்டும், அந்தக் கீச்சுக் குரல் கதவை மூடினாலும் கேட்கும். 2யூவில் 60 மில்லிமீட்டர் ஃபேன்கள் வரும். அதே வேலையை நிதானமாகச் செய்யும்.

எந்தத் தலைமுறை என்பது அடுத்த கேள்வி. டெல் ஆர்710 மாதிரி 2009 காலத்து மெஷின் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அதில் இருக்கிற இன்டெல் ஜியான் 5500, 5600 பிராசஸர்களில் ஏவிஎக்ஸ் என்கிற கட்டளைத் தொகுப்பு கிடையாது. மாங்கோடிபி என்கிற டேட்டாபேஸ் 5.0 பதிப்பு முதல் ஏவிஎக்ஸ் இல்லாமல் ஓடவே ஓடாது. 2012இல் வந்த டெல் ஆர்720, எச்பி டிஎல்380பி ஜென்8 இரண்டும் டிடிஆர்3 ராம் போடுகிறவை. விலை இறங்கிக் கிடக்கும். ஆனால் அவற்றின் இ5-2600 வி2 பிராசஸரில் அதற்கு அடுத்து வந்த ஏவிஎக்ஸ்2 இல்லை. ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 10 அதை ஏற்காது, இந்த மாதிரி கதவுகள் இனி ஒவ்வொன்றாக மூடும். 2014இல் வந்த டெல் ஆர்730, எச்பி டிஎல்380 ஜென்9 இரண்டிலும் இ5-2600 வி3 அல்லது வி4, டிடிஆர்4 ராம், ஏவிஎக்ஸ்2 எல்லாம் உண்டு. என் ஓட்டு ஆர்730க்குத்தான். காரணம் ஒன்று: டெல் தன் பழைய மெஷின்களுக்கான ஃபர்ம்வேரை (மெஷினுக்குள்ளேயே பதிந்திருக்கிற மென்பொருள்) யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ள விடுகிறது. எச்பியில் பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடுகிற ஃபர்ம்வேர்) அப்டேட்டுக்கு வாரன்டியோ சப்போர்ட் ஒப்பந்தமோ கேட்பார்கள். எச்பி வாங்குவதானால், கடைசி பயாஸ் ஏற்றியிருக்கிறதா என்று விற்கிறவரிடம் முன்னாலேயே கேட்டு, ஸ்கிரீன் போட்டோ வாங்கிக்கொள்.

பிராசஸரில் பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதே. இ5-2680 வி4 என்றால் 14 கோர், 120 வாட். இ5-2650 வி4 என்றால் 12 கோர், 105 வாட். வீட்டு வேலைக்கு ஒரு பிராசஸரே தாராளம், இரண்டாவதைக் கழற்றினால் சும்மா நிற்கும்போது இழுக்கிற கரண்ட் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறையும். ஆனால் ஒன்றை மறந்துவிடாதே: ராம் ஸ்லாட்டில் பாதியும், கூடுதல் கார்டு செருகுகிற பிசிஐ ஸ்லாட்டில் சிலவும் இரண்டாவது பிராசஸரோடு கட்டப்பட்டவை. அதைக் கழற்றினால் அவையும் செத்துவிடும். "கார்டு வேலை செய்யவில்லை" என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம். இந்தப் பிராசஸர்களில் பின்கள் பிராசஸரில் இல்லை, மதர்போர்டு சாக்கெட்டில் இருக்கின்றன. கழற்றிய கையோடு சாக்கெட்டுக்கு மூடி போடு. ஒரு பின் வளைந்தாலும் ஒரு சேனல் (ராமுக்கும் பிராசஸருக்கும் நடுவிலான பாதை) ராம் காணாமல் போகலாம். காலியான இடத்துக்கு டம்மி மூடியும், மேலே பிளாஸ்டிக் காற்றுத்தடமும் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் காற்று சுற்றுவழியில் போய், இருக்கிற ஒரு பிராசஸரும் சூடேறும்.

ராம் வாங்கும்போது, சர்வர் ராமின் இரண்டு வகைகளில் எது, ஆர்டிஐஎம்எம்மா எல்ஆர்டிஐஎம்எம்மா என்று ஸ்டிக்கரைப் படி. இரண்டையும் கலந்தால் மெஷின் பூட் ஆகாது. டெஸ்க்டாப் ராம் ஆர்730இல் எடுக்காது. ஒவ்வொரு பிராசஸருக்கும் நாலு சேனல் உண்டு என்பதால் நாலு நாலாகப் போடு. வெள்ளைக் கொக்கி உள்ள ஸ்லாட்டுகள்தான் முதலில். ஒரு பிராசஸருக்கு நாலு 16 ஜிபி போட்டால் 64 ஜிபி ஆயிற்று, நாலு சேனலும் நிறைந்துவிடும். மூன்றாவது வரிசை வரை அடைத்தால் ராமின் வேகமே குறையும்.

விலை பேசும்போது கூட என்ன வருகிறது என்பதை எழுத்தில் வாங்கு. டிஸ்க்கை மாட்டுகிற டிரேக்கள் எத்தனை, ராக்கில் ஏற்றுவதற்கு ரெயில் உண்டா, ஐடிராக் (டெல் மெஷினைத் தூரத்திலிருந்தே நிர்வகிக்கிற வசதி) லைசன்ஸ் எக்ஸ்பிரஸா என்டர்பிரைஸா? டிரேயும் ரெயிலும் தனியாக வாங்கினால் அதற்கே நிறையச் செலவு இழுக்கும். என்டர்பிரைஸ் லைசன்ஸ் இல்லாவிட்டால் தூரத்திலிருந்து ஸ்கிரீனைப் பார்க்க முடியாது. அந்த லைசன்ஸ் மெஷினின் சர்வீஸ் டேகோடு (டெல் கொடுத்த அடையாள எண்) கட்டப்பட்டது, எனவே பிறகு எங்கிருந்தாவது எடுத்துப் போடலாம் என்று நினைக்காதே. பவர் சப்ளையில் 495 வாட்டும் 1100 வாட்டும் இருந்தால் 495ஐக் கேள். 1100 வாட் சப்ளையை 100 வாட்டில் ஓட்டுவது அதன் திறனில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. அங்கே வீணாகிற மின்சாரம் அதிகம்.

இனி டிஸ்க். டிஸ்க் செருகுகிற இடத்துக்கு பே என்று பெயர். 3.5 அங்குல பே, 2.5 அங்குல பே இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும், பிறகு மாற்ற முடியாது. பெரிய கொள்ளளவு மலிவாக வேண்டும் என்றால் 3.5. டிஸ்க்கை இணைக்கிற முறைகள் இரண்டு: வீட்டுக் கம்ப்யூட்டரில் வருகிற சாட்டா, சர்வரில் வருகிற சாஸ். சாஸ் பேக்பிளேனில் (டிஸ்க்குகள் போய்ச் செருகுகிற பலகை) சாட்டா டிஸ்க் ஓடும், சாட்டா போர்ட்டில் சாஸ் டிஸ்க் ஓடாது. பெரிய ஸ்டோரேஜ் பெட்டிகளிலிருந்து உருவிய சாஸ் டிஸ்க்குகள் சில 520 பைட் செக்டாரில் (டிஸ்க் டேட்டாவை எழுதுகிற கட்டம்) இருக்கும். லினக்ஸ் அவற்றைக் கண்டுபிடிக்கும், ஆனால் பயன்படுத்த முடியாது. எஸ்ஜி ஃபார்மேட் கருவியால் 512க்கு மாற்ற வேண்டும், டிஸ்க் ஒன்றுக்கு பல மணி நேரம் ஆகும், நடுவில் கரண்ட் போகக் கூடாது. வந்ததும் ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தானே வைக்கிற கணக்கைப் பார்: 43,800 மணி நேரம் என்றால் ஐந்து முழு வருஷம் ஓடியிருக்கிறது. மணி நேரம் அதிகம் என்பதற்காக மட்டும் ஒதுக்காதே. கெட்டுப்போனதால் மாற்றி ஒதுக்கிய செக்டார்களின் எண்ணிக்கையும், சாஸ் டிஸ்க்கில் ஓடும்போது சேர்ந்த பழுதுகளின் பட்டியலும் ஒரு வாரத்தில் கூடிக்கொண்டே போனால்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பழைய எச்பி சாஸ் எஸ்எஸ்டிகளை நன்றாகப் பார்த்து வாங்கு. அவற்றில் சில மாடல்கள் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும் என்று 2019 நவம்பரில் அந்தக் கம்பெனியே அறிவித்தது. 32,768 என்பது இரண்டின் 15ஆம் அடுக்கு. மணி நேரக் கணக்கை வைக்கிற எண் அங்கே நிரம்பி வழிகிறது. 2020 மார்ச்சில் இன்னும் சில மாடல்களுக்கு 40,000 மணி என்று இன்னொரு அறிவிப்பு வந்தது. ஒரே நாளில் பொருத்திய எஸ்எஸ்டிகள் எல்லாம் சேர்ந்தாற்போல் போகும், ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று போனாலும் தாங்குகிற ஏற்பாடு) காப்பாற்றாது. ஃபர்ம்வேர் ஏற்றிய பிறகுதான் அவற்றைத் தொடு.

ரெய்டு கார்டு விஷயத்தில் ரொம்பப் பேர் தவறு செய்கிறார்கள், இதைப் பொறுமையாகப் படி. நீ இசட்எஃப்எஸ் (டிஸ்க்குகளைத் தானே சேர்த்து நிர்வகிக்கிற ஃபைல் சிஸ்டம்) போடப்போகிறாய் என்றால் அதற்கு டிஸ்க்குகள் நேரடியாகத் தெரிய வேண்டும். ரெய்டு கார்டு நடுவில் நின்றால் டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரத்தை மறைக்கும், தன் கேஷில் எழுதிவிட்டு "எழுதியாயிற்று" என்று சொல்லும். ஆர்730இல் வருகிற பெர்க் எச்730 ரெய்டு கார்டை அதன் செட்டப்பிலேயே எச்பிஏ மோடுக்கு (டிஸ்க்குகளை அப்படியே காட்டுகிற மோடு) மாற்றலாம். எச்பிஏ330 கிடைத்தால் அதைவிட நல்லது, அது பிறந்ததே அந்த வேலைக்கு. ஆர்720இன் எச்710இல் அந்த மோடு இல்லை. ஒவ்வொரு டிஸ்க்கையும் தனித்தனி ரெய்டு 0 (காப்பு இல்லாத ரெய்டு) ஆக்குகிற குறுக்குவழியைப் பலர் சொல்வார்கள். கேட்காதே. நாளைக்குக் கார்டு செத்தால் அந்த டிஸ்க்குகளை வேறு மெஷினில் செருகிப் படிப்பது பெரும்பாடு. எச்பி ஜென்8இல் பி420ஐ கார்டை எச்பிஏ மோடில் வைத்தால் அதிலிருந்து பூட் செய்ய முடியாது, ஓஎஸ்ஸுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். டெல்லின் எச்310 கார்டு வந்தால் ஐடி ஃபர்ம்வேருக்கு (ரெய்டு இல்லாமல் டிஸ்க்கை நேரடியாகக் காட்டுவது) மாற்று. டெல் ஃபர்ம்வேரில் அதன் வரிசை ஆழம் (ஒரே சமயத்தில் வரிசையில் நிற்கக்கூடிய வேலைகள்) வெறும் 25, பல டிஸ்க் சேர்ந்து எழுதினால் திணறும். கார்டில் பேட்டரி இருந்தால் உப்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார், உப்பியிருந்தால் உடனே கழற்று.

மெஷின் வந்ததும் மூடியைத் திற. கரண்ட் கொடுப்பதற்கு முன்னால் ராம்களை ஒவ்வொன்றாக அழுத்து. பயணத்தில் பாதி வெளியே வந்திருக்கும். வட்டமான சிஆர்2032 பேட்டரியைப் புதிதாக மாற்று. பிராசஸர் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருந்தால் துடைத்துப் புதிது தடவு. மானிட்டருக்கு விஜிஏ கேபிள் வேண்டும், எச்டிஎம்ஐ கிடையாது. ஆன் செய்த முதல் நிமிஷம் ஃபேன்கள் முழு வேகத்தில் கத்தும், பிறகு இறங்கும். திரை பல நிமிஷம் வரை கருப்பாகவே இருக்கலாம், ராமை எண்ணிக்கொண்டிருக்கிறது. பயந்துபோய் பிளக்கைப் பிடுங்காதே.

டெல்லில் எஃப்2 அழுத்தி உள்ளே போ. ஐடிராக்கையும் பயாஸையும் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவா. பழைய பாஸ்வேர்டு, பழைய ஐபி எல்லாம் போகும். பிறகு ரூட், கால்வின் என்கிற பெயரும் பாஸ்வேர்டும் வேலை செய்யும். முதல் வேலையாக அதை மாற்று. பயாஸ் பாஸ்வேர்டு பூட்டியிருந்தால் போர்டில் அதற்கென்று ஒரு ஜம்பர் (இடம் மாற்றிச் செருகுகிற சின்ன இணைப்பு) இருக்கிறது. எச்பியில் மெயின்டனன்ஸ் சுவிட்ச் வரிசையில் முதலாவதை ஆன் செய்தால் ஐஎல்ஓ (ஐடிராக் மாதிரி எச்பியின் வசதி) பாஸ்வேர்டு கேட்காது.

அடுத்து ஃபர்ம்வேர். ஐடிராக் ரொம்பப் பழையதாக இருந்தால் ஒரே தாவலில் கடைசிப் பதிப்புக்குப் போகாது, நடுப் பதிப்பு ஒன்றை ஏற்றிவிட்டுப் போ. புதுசு ஏற்றினால் ஜாவா இல்லாமல் பிரவுசரிலேயே ஸ்கிரீன் தெரியும். ஐடிராக்கோ ஐஎல்ஓவோ எதையும் இணையத்துக்குத் திறந்துவிடாதே. ஐஎல்ஓ4இல் 2.53க்கு முந்தைய பதிப்புகளுக்கு, பிரவுசர் அனுப்புகிற கோரிக்கையின் 'கனெக்‌ஷன்' தலைப்பில் ஆங்கில 'ஏ' எழுத்தை 29 முறை அனுப்பினாலே பாஸ்வேர்டு இல்லாமல் கதவு திறந்துவிடும். அவ்வளவுதான் அந்தப் பூட்டு. தனி நெட்வொர்க்கில் வை, வெளியிலிருந்து வேண்டுமானால் விபிஎன் வழியாக வா.

பயாஸில் சிஸ்டம் புரொஃபைலைப் பார். டேட்டா சென்டரில் இருந்தபோது பெர்ஃபார்மன்ஸ் என்று வைத்திருப்பார்கள். அதில் பிராசஸர் தூங்கவே தூங்காது. வாட்டுக்கு எவ்வளவு வேலை என்று பார்க்கிற புரொஃபைலுக்கு மாற்று. வேறு கம்பெனியின் கார்டைப் பிசிஐயில் செருகினால், டெல் அதை அடையாளம் தெரியாத கார்டு என்று நினைத்து ஃபேனை ஏற்றிவிடும். ஆர்730இல் ரேக்கேடம் என்கிற ஐடிராக் கட்டளையில், தெர்மல் அமைப்புகளில் மூன்றாம் தரப்பு கார்டுக்கான ஃபேன் பதிலை 0 ஆக்கினால் அடங்கிவிடும். ஐபிஎம்ஐ டூல் என்கிற கருவியால் ஃபேனை 20 சதவீதத்தில் கட்டிப்போடவும் முடியும். ஆனால் அந்தக் கைமுறை மோடில் மெஷின் சூடேறினாலும் ஃபேன் ஏறாது. வெப்பத்தைப் பார்த்து, எல்லை தாண்டினால் தானியங்கி மோடுக்குத் திருப்புகிற ஸ்கிரிப்ட் இல்லாமல் அதைச் செய்யாதே.

ஓஎஸ் ஏற்றும் முன் ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86+ ஓட்டு. 128 ஜிபி என்றால் ஒரு நாளைத் தாண்டலாம், ஓடட்டும். பிழை காட்டினால் அந்த ராமை வேறு ஸ்லாட்டுக்கு மாற்று. பிழை ராமோடு போனால் ராம் கெட்டது, அதே ஸ்லாட்டில் நின்றால் ஸ்லாட்டோ பின்னோ கெட்டது. இசிசி (ராமில் வருகிற பிழையைத் தானே திருத்துகிற வசதி) சரிசெய்த பிழைகள் ஐடிராக் லாகில் தனியாகப் பதியும், அதையும் படி.

பிறகு ப்ராக்ஸ்மாக்ஸ் போடு, ஒரே மெஷினில் பல விஎம்களை (மென்பொருளால் ஆன கம்ப்யூட்டர்கள்) ஓட்டுகிற ஓஎஸ் அது. ஓஎஸ்ஸை இரண்டு சின்ன எஸ்எஸ்டியில் மிரராக வை, யுஎஸ்பி குச்சியில் வேண்டாம். லாக் எழுதியே அது தேய்ந்துவிடும். ஃபைல் சேமிப்புக்கான ஓஎஸ்ஸான ட்ரூநாஸை விஎம் ஆக ஓட்டினால் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகக் கொடுக்காமல் எச்பிஏ கார்டையே முழுதாகக் கொடு. யுபிஎஸ் சுத்த சைன் அலை கொடுப்பதாக இருக்கட்டும். படி அலை யுபிஎஸ் பேட்டரிக்கு மாறுகிற நொடியில் இந்த பவர் சப்ளைகள் சில நேரம் ஆஃப் ஆகிவிடும்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும், உன் படங்களை அதில் வைப்பதற்கு முன்னால், ஓடுகிறபோதே ஒரு டிஸ்க்கை வெளியே இழுத்துப் பார். எச்சரிக்கை மெயில் உன் போனுக்கு வர வேண்டும். மறுபடி செருகினால் பூல் (இசட்எஃப்எஸ் சேர்த்துவைத்த டிஸ்க் தொகுப்பு) தானாகச் சரியாக வேண்டும். ஒரு பவர் சப்ளையையும் பிடுங்கிப் பார். ஒரு வாரம் காலியாக ஓடட்டும்.

டிஸ்க் நிறைந்த 2யூ மெஷின் 25 கிலோவைத் தாண்டும். எல்லா டிஸ்க்கையும் கழற்றி, எந்த பேயில் எது இருந்தது என்று எழுதி வைத்துவிட்டுத் தூக்கு. தனியாகத் தூக்காதே கண்ணா, ஒரு ஆளைக் கூப்பிட்டுக்கொள். பிளக்கில் மீட்டர் மாட்டி, சும்மா நிற்கும்போது எத்தனை வாட் என்று பார்த்து எழுது. அந்த எண்ணையும் ஐடிராக் லாக் பக்கத்தின் போட்டோவையும் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா