கீபோர்டு தம்பிக்கு, அறுப்பின் பண்டிகைக்கு முன்

அன்புள்ள தம்பி,

வருகிற ஞாயிறு அறுப்பின் பண்டிகை. போன வருஷப் பண்டிகையன்று என்ன நடந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் பெயரோ, நம் சபைச் சேகரத்தின் பெயரோ, போதகர் ஐயர் பெயரோ இதில் வராது. நம்ம ஆட்கள் இதை வாட்ஸப்பில் சுற்றுக்கு விடுவார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். சில இடங்களில் வாயை மூடிக்கொள்வேன். ஏனென்று உனக்குப் புரியும்.

நீ கடைசியாக அனுப்பிய செய்தியில் இருந்த கேள்விகளுக்கு ஒரு வருஷம் கழித்துப் பதில் எழுதுகிறேன்.

ஆண்மேல் உனக்கு வரும் ஈர்ப்பை மாற்ற வீட்டில் 'விடுதலை ஜெபம்' என்று கூப்பிடுகிறார்களே, சட்டம் தடுக்காதா என்று கேட்டிருந்தாய். பாதி தடுக்கும். 2021 ஜூன் 7-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் போட்ட உத்தரவு இருக்கிறது. வழக்குப் போட்டவர்கள் மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரண்டு பெண்கள். (நம் ஊரில் இதை யாரும் பேசிக் கேட்டதில்லை.) அந்த வழக்கின் தொடர்ச்சியாக, ஒருவரின் பாலீர்ப்பை 'மாற்ற' சிகிச்சை கொடுப்பது தொழில் ஒழுங்கீனம் என்று 2022 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு எழுதியது. இது டாக்டரைத்தான் கட்டும். மாற்றிக் காட்டுகிறேன் என்று மாத்திரை எழுதினால் மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் கொடுக்கலாம். ஜெபிக்கிறவரை அது தொடாது. தலையில் கை வைத்து ஜெபிப்பது குற்றமில்லை. கதவைப் பூட்டுவது குற்றம். உபவாசம் முடியும்வரை வெளியே விடமாட்டோம் என்று போனைப் பிடுங்கி உட்கார வைத்தால் அது சட்டவிரோதமாக அடைத்து வைப்பது, பாரதிய நியாய சன்ஹிதா 127-வது பிரிவு. அதனால் போவதென்றால், எந்த இடம், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று வெளியே ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போ. சான்றிதழ்களை வீட்டு பீரோவில் வைக்காதே. நீ வெளியேறின பிறகு 'காணவில்லை' என்று புகார் போனால் பயப்படாதே. வயது வந்தவன், என் விருப்பப்படி இருக்கிறேன் என்று வாக்குமூலம் கொடுத்தால் போலீஸ் தொந்தரவில்லாமல் புகாரை முடிக்க வேண்டும் என்று அதே உத்தரவு சொல்கிறது. காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்று ஒரு விதியையே பிறகு சேர்த்தார்கள். எண்ணை மனப்பாடம் செய்துகொள். ஸ்டேஷனில் எண் சொல்லிப் பேசுகிறவனுக்குத்தான் நாற்காலி.

'கல்யாணம் பண்ணினா சரியாயிடும்' என்கிறவர்களுக்கு ஒரு பதில் உண்டு, அதை அந்தப் பெண்ணின் பக்கமிருந்து சொல். நம் கிறிஸ்தவ விவாகரத்துச் சட்டம் 1869-ஆம் ஆண்டுடையது. அதில் 10-ஏ பிரிவின் வாசகப்படி, இருவரும் சம்மதித்தாலும் 2 வருஷம் பிரிந்திருக்க வேண்டும், மனுப் போட்டு இன்னும் 6 மாதமாவது காத்திருக்க வேண்டும். மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்துக் கட்டிவைத்ததை அவிழ்க்க அவளுக்கு இரண்டரை வருஷமாவது ஆகும். உனக்கும் உன் மனதுக்குப் பிடித்தவருக்கும் சட்டம் என்ன தரும் என்றால், கல்யாண உரிமை என்று இன்றைக்கு ஒன்றும் தராது. ஒரே பால் திருமண வழக்கில் 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. திருநங்கையும் மணமகளே என்று நம் மதுரைக் கிளை 2019-ல் சொன்னது நல்ல தீர்ப்பு. ஆனால் அது இந்துத் திருமணச் சட்டத்தின் கீழ் வந்தது. நமக்கு இருப்பது 1872-ஆம் ஆண்டுக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம். கத்தோலிக்கர்களைப் பார் என்று நீ அனுப்பிய செய்தியையும் படித்தேன். 2023 டிசம்பரில் ரோம் ஒரே பால் ஜோடிகளுக்கு அனுமதித்தது ஆசீர்வாத ஜெபத்தை மட்டும்தான், அதுவும் திருமணச் சடங்கின் சாயல் இல்லாமல்.

ஜெபம், கல்யாணம் இரண்டையும் ஒரு வக்கீலே சொல்லியிருப்பார். நீ என்னிடம் நிஜமாகக் கேட்டது எட்டாம் அதிகாரத்தைப் பற்றி.

போன வருஷப் பண்டிகை ஆராதனையில் வேதத்திலிருந்து அப்போஸ்தலர் 8 உன் வாசிப்பு. 36-வது வசனம் வரை நன்றாகத்தான் வந்தாய். 'இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன.' அங்கே நிறுத்தினாய். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு 37-ஐ விட்டுவிட்டு ரதத்தை நிறுத்தச் சொன்ன 38-க்குப் போனாய். முன்வரிசையில் வசனத்தின்மேல் விரல் வைத்தே கேட்கிற அந்தப் பெரியவர் விரலைத் தூக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஆராதனை முடிந்து, ஏலத்துக்குக் கட்டிப்போட்ட சேவல்களுக்கு நடுவில் நின்று கேட்டார்: "பய ஒரு வசனத்த முழுங்கிட்டானே?" நான், "பக்கம் ஒட்டியிருந்திருக்கும் ஐயா" என்றேன்.

நீ பக்கத்திலேயே நின்றாய். அதைச் சொன்னதற்காக மன்னிப்புக் கேட்கிறேன்.

உன்னைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்பதும் உண்மை. ஆனால் 37-வது வசனம் மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் இல்லை என்று உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான். ரதத்தில் வந்த எத்தியோப்பிய மந்திரி, தனக்கு வேதத்தை விளக்கிய பிலிப்புவிடம் 'தடையென்ன' என்று கேட்கிறார். பழைய படிகளில் பிலிப்பு பதிலே சொல்வதில்லை, இருவரும் தண்ணீரில் இறங்குகிறார்கள். 'முழு இருதயத்தோடும் விசுவாசித்தால் தடையில்லை' என்ற நிபந்தனை பின்னால் வந்து ஒட்டியது. ஒட்டியிருந்தது பக்கம் இல்லை, வசனம். அதை அந்தப் பெரியவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மந்திரி என்ற சொல்லையும் கவனி. லூக்கா எழுதிய கிரேக்கச் சொல் யூனூகோஸ், அண்ணகர், அதாவது விதையடிக்கப்பட்டவர். அரண்மனை அதிகாரி என்றும் பொருள் கொள்ள இடமிருக்கிறது, மொழிபெயர்த்தவர்களைத் திட்ட மாட்டேன். ஆனால் அதே பழைய மொழிபெயர்ப்பு மத்தேயு 19:12-ல் இந்தச் சொல்லுக்கு அண்ணகர் என்றே போடுகிறது. எட்டாம் அதிகாரத்தில் மட்டும் அவருக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது. அதனால் உபாகமம் 23:1 சபைக்குள் விடாதே என்று சொன்ன ஆள் இவர்தான் என்பது நம் கோயிலில் யாருக்கும் தெரியாமலே போகிறது. அவர் ரதத்தில் வாசித்துக்கொண்டிருந்தது ஏசாயா 53. இன்னும் மூன்று அதிகாரம் தள்ளினால், அண்ணகன் தன்னைப் பட்டமரம் என்று சொல்ல வேண்டாம் என்ற வசனம் வரும்.

உடனே குதிக்காதே. அண்ணகரும் நீயும் ஒன்றில்லை. யாருக்கெல்லாம் தேவ ராஜ்யம் இல்லை என்று பட்டியல் போடும் 1 கொரிந்தியர் 6:9-ஐயும் உனக்காக நான் வளைக்க மாட்டேன். அதில் 'சுயபுணர்ச்சிக்காரர்' என்று இருப்பது மலாக்கோய். வெறுமே மென்மையானவர் என்று பொருள். மத்தேயு 11:8-ல் அதே சொல் 'மெல்லிய' வஸ்திரமாக வருகிறது. அங்கே நம் மொழிபெயர்ப்பு தடுமாறியது என்று தைரியமாகச் சொல்லலாம். அடுத்த சொல் அர்செனோகோயிதாய், நம் வேதத்தில் 'ஆண்புணர்ச்சிக்காரர்', அப்படியில்லை. ஆணோடு ஆண் கூடுவதைத் தடுக்கும் லேவியராகமம் 20:13-ன் கிரேக்க வாசகத்தில் உள்ள இரண்டு சொற்களை ஒட்டிச் செய்தது போலத்தான் இருக்கிறது. ஐயர் அதைக் காட்டினால் அவரிடம் வாதம் இருக்கிறது. அவரைப் பொய்யர் என்று நீ எழுதியது தப்பு. நீ அவரைக் கேட்டிருக்க வேண்டியது வேறு: அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், சகோதரன்மேல் வழக்குக்குப் போகாதே என்கிறதே, உலகனேரியில் இருக்கிற மதுரைக் கிளைக் கோர்ட்டில் சபைத் தேர்தல் வழக்குப் போட்டவர்களுக்கு யார் திருவிருந்தை நிறுத்தினார்கள்?

உன்மேல் எனக்கும் கோபம் இருக்கிறது. வீடு வீடாகப் பாடப் போகிற கிறிஸ்மஸ் கீத பவனிக்கு முதல் நாள் ராத்திரி கொயர் குரூப்பை விட்டு வெளியேறினாய். கமிட்டிமேல் இருந்த கோபம் கமிட்டிக்குப் போகவில்லை. சுருதி இல்லாமல் பதினேழு வீட்டில் பாடியது ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள். 'அண்ணன் எங்க' என்று அவர்கள் கேட்டதற்கு நான் சொன்ன பதிலும் பொய்தான்.

அந்தக் கமிட்டிக் கூட்டத்தைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். நான் கையெழுத்துப் போடவில்லை. எழுந்தும் போகவில்லை.

ஒரு காரியம் மட்டும் செய். சபைச் சந்தாவை நிறுத்தாதே. பாக்கி விழுந்தால் ஓட்டுப் போகும்; நாளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டாலும் முதலில் அந்த நோட்டைத்தான் புரட்டுவார்கள். போன பங்குனி வரை நான் கட்டியிருக்கிறேன், ரசீது உன் பெயரில் இருக்கிறது. நான்தான் கட்டினேன் என்று உன் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

இந்த ஞாயிறு வாசிப்பு எனக்கு. எட்டாம் அதிகாரத்தை நானே கேட்டு வாங்கியிருக்கிறேன். வாசகத்தை மாற்ற எனக்கு அதிகாரமில்லை, 37 உட்பட அச்சில் இருப்பதை அப்படியே வாசிப்பேன். வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடுவதற்குள் இரண்டு வரி சொல்வேன்: இந்த மந்திரி மூலத்தில் அண்ணகர், 37 பழைய படிகளில் இல்லை. போன வருஷம் பக்கம் ஒட்டவில்லை என்பதையும் சேர்க்கலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நீ வந்தால் சேர்ப்பேன்.

ஆராதனை எட்டு மணிக்கு. பின்வரிசையில் உட்காராதே, அங்கே மின்விசிறி இன்னும் ஓடவில்லை.

அக்கா