ஏசி அறைக்கு வெளிக்காற்று வரும் வழி: வேலூர் மாநகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கும் நகரமைப்புப் பிரிவு அலுவலர்களுக்கும், வணக்கம்.

வேலூரில் இப்போது எழும் புதிய வீடுகள் பலவற்றில் ஒரு படுக்கையறையாவது ஏசி அறையாகவே திட்டமிடப்படுகிறது. செப்புக் குழாய் செல்லச் சுவரில் ஒரு துளை, அவுட்டோர் யூனிட்டுக்கு ஒரு தாங்கி, தனி மின் இணைப்பு ஆகியவற்றைப் பொறியாளர்கள் முன்கூட்டியே யோசித்து வைக்கிறார்கள். அதே அறைக்குள் வெளிக்காற்று எப்படி வரும் என்பதை மட்டும் யாரும் யோசிப்பதில்லை. கட்டட அனுமதி தங்கள் அலுவலகத்தின் வழியாகவே செல்வதால், இக்குறையைக் கட்டும் நிலையிலேயே சரிசெய்யும் வாய்ப்பு தங்களிடம் இருக்கிறது என்று நம்பி இம்மடலை எழுதுகிறேன். நான் காட்பாடிப் பக்கம் ஏசி பொருத்தும் தொழிலில் இருப்பவன். நான் கேட்கும் மாற்றம் நடந்தால் என் போன்றோருக்குச் சற்று வேலை கூடும் என்பதையும் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஸ்பிளிட் ஏசியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நன்கு படித்தவர்களிடமும் இருக்கிறது. மொட்டை மாடியில் சுழலும் அவுட்டோர் யூனிட்தான் வெளிக்காற்றை இழுத்து, குளிர்வித்து, அறைக்குள் அனுப்புகிறது என்று அவர்கள் நம்புகிறார்கள். உண்மையில் அந்த இரண்டு பெட்டிகளையும் இணைக்கும் குழாய்களில் குளிர்பதனப் பொருள் மட்டுமே ஓடுகிறது. உள்ளே இருக்கும் பெட்டி, அறையில் ஏற்கெனவே இருக்கும் காற்றையே இழுத்துக் குளிரவைத்து அதே அறைக்குள் திரும்ப விடுகிறது. பழைய ஜன்னல் ஏசிகள் பலவற்றில் அறைக்காற்றைக் கொஞ்சம் வெளியே விட ஒரு சிறு நெம்புகோலாவது இருந்தது. ஸ்பிளிட் வந்த பிறகு அதுவும் போய்விட்டது.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவும் பத்தடி உயரமும் கொண்ட ஓர் அறையில் இரண்டு பெரியவர்கள் எல்லாவற்றையும் இறுக மூடிக்கொண்டு உறங்கினால், காற்றில் கரியமில வாயுவின் அளவு மணிக்கு ஏறத்தாழ 700 முதல் 800 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு என்ற அளவு) வரை உயரும். வெளிக்காற்றில் அது 420 பிபிஎம்மை ஒட்டி இருக்கிறது. கதவிடுக்கில் கசியும் காற்று இந்த ஏற்றத்தை ஓரளவு தடுத்தாலும், விடிவதற்குள் அது 2,000-ஐத் தாண்டுவது அரிதன்று. இந்த அளவில் அவ்வாயு நஞ்சாகாது. ஆனால் ஒருவர் விட்ட மூச்சையே மற்றவர் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறார் என்பதற்கு அது நம்பகமான அடையாளம். அந்த மூச்சோடு புதுப் பெயின்டின் வாடையும், பிளைவுட் அலமாரியின் பசை ஆவியும், வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியின் புகையும் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்குகின்றன. ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்கு ஈடாகும் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. மூடிய ஏசி அறையில் அதை ஏற்றிவைத்துத் தூங்கும் குடும்பங்களை வேலைக்குப் போகும் இடங்களில் இன்றும் பார்க்கிறேன்.

அப்படியானால் ஜன்னலைத் திறந்து வைக்கலாமே என்று கேட்கலாம். கத்திரி வெயிலில் பகலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. சுற்றியுள்ள பாறைக் குன்றுகள் அந்தச் சூட்டை இரவிலும் எளிதில் விடுவதில்லை. சத்துவாச்சாரியிலோ கிரீன் சர்க்கிளுக்கு அருகிலோ தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளில் ஜன்னலைத் திறந்தால் மாலைக்குள் கட்டில் விரிப்பில் விரலால் எழுதலாம். வெயிலும் புழுதியும் போக மிஞ்சுவது கொசு. கொசுவை ஒழிப்பது யார் பொறுப்பு என்பதை இம்மடலில் நான் நீட்டிப் பேசப் போவதில்லை. கொசப்பேட்டை, சைதாப்பேட்டைப் பகுதிகளின் பழைய வீடுகளில் கூரையை ஒட்டி ஒரு வென்டிலேட்டர் இருக்கும். ஏசி வாங்கியதும் குளிர் வெளியேறாமலிருக்க அதைத் தெர்மாகோல் வைத்து அடைத்துவிடுகிறார்கள். மின்கட்டணத்தை எண்ணிப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை.

எனவே திறந்த ஜன்னலுக்கு மாற்றாக, அளவோடும் வடிகட்டியோடும் காற்றை உள்ளே விடும் ஒரு வழி தேவைப்படுகிறது. சுவரில் நான்கு அங்குலக் குழாய், வெளிவாயில் கொசுவலை, உள்ளே கழற்றி மாற்றக்கூடிய ஒரு வடிகட்டிப் பெட்டி, அதன் பின்னால் சத்தமில்லாத சிறு மின்விசிறி ஆகிய நான்குமே போதும். ஒருவருக்கு நிமிடத்துக்கு 15 கன அடி என்று கொண்டால் இருவர் உறங்கும் அறைக்கு 30 கன அடி போதுமானது. வீடு முழுவதற்கும் கணக்கிட அமெரிக்காவின் ஆஷ்ரே என்னும் குளிர்சாதனப் பொறியாளர் அமைப்பு வகுத்துள்ள 62.2 தரநிலையில் எளிய சூத்திரம் ஒன்று உண்டு: தரைப்பரப்பின் ஒவ்வொரு சதுர அடிக்கும் 0.03 கன அடியும், படுக்கையறைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி அதற்குத் தலா 7.5 கன அடியும் சேர்க்க வேண்டும். ஆயிரம் சதுர அடியில் இரண்டு படுக்கையறை கொண்ட வீட்டுக்கு நிமிடத்துக்கு 52 கன அடி சொச்சம் வருகிறது.

குளிர் வீணாகுமே என்ற கவலைக்கும் கணக்கிலேயே பதில் இருக்கிறது. மே மாத நடுப்பகலில் 40 டிகிரிக் காற்றை நிமிடத்துக்கு 30 கன அடி வீதம் உள்ளே விட்டு, அதை 25 டிகிரிக்குக் கொண்டுவந்து, அதிலுள்ள ஈரத்தையும் பிரித்தெடுக்க, ஒரு டன் ஏசியின் திறனில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் செலவாகும். இரவில் அதனினும் குறைவு. இந்திய எரிசக்தித் திறன் அமைப்பின் விதிப்படி 2020 ஜனவரி முதல் அறை ஏசிகள் 24 டிகிரியை இயல்பு அமைப்பாகக் கொண்டே விற்பனைக்கு வருகின்றன. அதை 18-க்கு இறக்கிவிட்டுப் போர்வை போர்த்திக்கொள்ளும் பழக்கத்தை விட்டாலே இந்தச் செலவை ஈடுகட்டலாம். மின்விசிறியும் மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடக்கூடியது என்பதால், மின்தடையின்போது வீட்டு இன்வர்ட்டரே அதை ஓட்டிவிடும். வசதியுள்ளவர்கள் வெளியேறும் காற்றின் குளிர்ச்சியையும் வறட்சியையும் உள்வரும் காற்றுக்கு மாற்றித் தரும் ஆற்றல் மீட்புக் கருவியை வைத்துக்கொள்ளலாம். நல்ல கருவி என்றால் இழப்பில் பாதிக்கு மேல் மிச்சப்படுத்தும். ஆனால் விலை பல மடங்கு.

ஏசியோடு இணைப்பதற்கென்று கடைகளில் விற்கும் பிற பொருள்களைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் மக்கள் பணத்தைப் பெரும்பாலும் அங்கேதான் இழக்கிறார்கள். குளிர்நாடுகளில் வீடு முழுவதையும் ஒரே இயந்திரம் காற்றுக் குழாய்கள் வழியாகக் குளிர்காலத்தில் சூடாக்கி, கோடையில் குளிர்விப்பது வழக்கம். அத்தகைய இயந்திரத்தில் அடர்ந்த வடிகட்டியைப் பொருத்தினால் வீடு முழுவதற்கும் அதன் பயன் கிடைக்கும். வடிகட்டிகள் துகள்களைப் பிடிக்கும் திறனை மெர்வ் என்ற எண்ணால் குறிப்பார்கள். மெர்வ் 13 தர வடிகட்டி, 0.3 முதல் 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையிலான துகள்களில் பாதியையாவது பிடிக்கும்; 1 முதல் 3 மைக்ரான் வரை உள்ளவற்றில் 85 விழுக்காட்டைப் பிடிக்கும். மார்கழியிலும் சூடேற்றி தேவைப்படாத வேலூரில் அறைக்கு அறை ஸ்பிளிட் ஏசிதான் இருக்கிறது. அதிலுள்ள பிளாஸ்டிக் வலை பஞ்சையும் பெருந்தூசியையும் மட்டும் நிறுத்தும். அதன் உருளை விசிறி மிக மென்மையாகக் காற்றைத் தள்ளும்படி அமைந்தது என்பதால் அடர்ந்த வடிகட்டியின் தடையைத் தாங்காது. அப்படி ஒன்றை முழுதாகப் பொருத்தினால் காற்றோட்டம் குறைந்து, உள்பெட்டியில் காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான காயிலில் பனி உறையும். வலையின் மேல் ஒட்டச் சொல்லி விற்கப்படும் நுண்துகள் பட்டைகளோ வலையின் ஒரு பகுதியைத்தான் மறைக்கின்றன. காற்று அவற்றைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. குழாய்வழி ஏசி வைத்திருக்கும் பெரிய வீடுகளுக்கு மெர்வ் 13 பொருந்தும், விசிறியின் திறனை முதலில் சோதித்துக்கொண்டால். மற்றவர்கள் வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவினாலே ஏசிக்குச் செய்ய வேண்டியதில் பெரும்பகுதி முடிந்தது.

காயிலுக்கு எதிரே பொருத்தும் 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கு, ஈரமான காயிலில் பூஞ்சை படர்வதைத் தடுக்கும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இதற்கு ஒரு பயன் உண்டு. தூசியையோ கரியமில வாயுவையோ அது தொடாது. அயனி உமிழும் கருவிகளையும், ஓசோனால் காற்றைத் தூய்மையாக்குவதாகச் சொல்லிக்கொள்ளும் கருவிகளையும் யாருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை. ஓசோன் நுரையீரலை உறுத்தும் வாயு. ஆஸ்துமா உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் அதைத் தயாரிக்கும் கருவியைக் காசு கொடுத்து வாங்கி வைப்பது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சமையலறைச் சிம்னி பற்றி ஒன்றே ஒன்று: புகையை வெளியே தள்ளும் குழாய் இருந்தால்தான் அது பயன்படும். குழாயில்லாமல் கரி வடிகட்டியோடு விற்கப்படும் வகை, மிளகாய் வறுக்கும் நெடியைச் சற்றுக் குறைத்துவிட்டு, எரிவாயு அடுப்பு வெளியிடும் நைட்ரஜன் டை ஆக்சைடை ஏறக்குறைய அப்படியே கூடத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. சுவரில் ஆறு அங்குலத் துளைக்குக் கட்டும்போதே இடம் விடாத அடுக்குமாடி வீடுகளில் வேறு வழியின்றி இதையே வாங்குகிறார்கள்.

வீடுகளைக் காட்டிலும் என்னை அதிகம் உறுத்துவது, கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சுற்றி, காந்தி சாலையிலும் பாபு ராவ் தெருவிலும் நெருங்கி நிற்கும் தங்கும் விடுதிகள். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்காளதேசம் ஆகிய இடங்களிலிருந்து வரும் நோயாளிகளும் துணைக்கு வருவோரும் அங்கே வாரக்கணக்கில் தங்குகிறார்கள். அவர்களுக்கு அந்த அறைதான் வீடு. பலர் அங்கேயே சமைத்தும் சாப்பிடுகிறார்கள். ஒரே கூடத்தைத் தடுத்து இரண்டு மூன்றாக்கிய அறைகளில் ஜன்னல் என்பது நடைவழியைப் பார்த்தோ காற்றோ வெளிச்சமோ இல்லாத ஓர் இடைவெளியைப் பார்த்தோ இருக்கும். அதில் ஏசியும் வந்துவிட்டால் அதுவும் அடைபடுகிறது. அறுவை சிகிச்சை முடிந்து எதிர்ப்பாற்றல் குறைந்திருப்பவரும், இருமிக்கொண்டிருக்கும் உறவினரும் நான்கு பேராக ஒரு மூடிய அறையில் படுத்திருக்கிறார்கள். காசநோய் போலக் காற்றில் பரவும் நோய்களுக்குக் காற்று மாறாத அறை எவ்வளவு வசதியானது என்பது மருத்துவ நகரமான வேலூருக்குப் புதிய செய்தியன்று. விடுதி உரிமையாளர்களைக் கேட்டால், ஏசி இருந்தால் அதிக வாடகை கிடைக்கிறது, வெளிக்காற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யன்று. கேட்க வேண்டிய இடத்திலிருந்து கேட்டால்தான் இது நடக்கும்.

2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளை மாநகராட்சி தன்னிச்சையாகத் திருத்த முடியாது என்பதை அறிவேன். ஆயினும் தங்கள் அதிகாரத்துக்குள் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. கட்டட அனுமதிக் கடிதத்தோடு ஒரு பக்கக் குறிப்பை இணைத்து, ஏசி அறை ஒவ்வொன்றுக்கும் நான்கு அங்குலக் குழாயும் அதன் அருகில் ஒரு மின்முனையும், சமையலறைக்கு ஆறு அங்குலக் குழாயும் சுவர் எழுப்பும்போதே பதிக்கப் பரிந்துரைக்கலாம். பூச்சு முடிந்த சுவரில் பின்னாளில் துளையிட்டுக் குழாயும் மின்கம்பியும் கொண்டுபோகும் செலவோடு ஒப்பிட்டால், கட்டும்போது ஆகும் செலவு மிகச் சிறியது. அந்தக் குழாய்வாய் சமையலறைப் புகைபோக்கி, கழிவுநீர்த் தொட்டியின் காற்றுக்குழாய், அவுட்டோர் யூனிட், ஜெனரேட்டர் ஆகியவற்றிலிருந்து விலகியும், இயன்ற வரை தெருப்பக்கம் இல்லாமலும் அமைய வேண்டும் என்பதையும் அக்குறிப்பில் சேர்க்க வேண்டுகிறேன். போகி விடியலிலும் தீபாவளி இரவிலும் விசிறியை நிறுத்தி வைக்கவும் அதிலேயே அறிவுறுத்தலாம். மற்ற நாள்களில் வடிகட்டியைக் கவனித்து மாற்றினால் போதும்.

விடுதிகளைப் பொறுத்தவரை, தொழில் உரிமத்தைப் புதுப்பிக்கும் வேளையில் ஒவ்வொரு ஏசி அறையிலும் வெளிக்காற்று வழி இருக்கிறதா என்று சுகாதார ஆய்வாளர்கள் பார்த்து எழுதும் வழக்கத்தைத் தொடங்கலாம். ஆட்கள் உறங்கி எழும் விடியற்காலையில் சிறிய கரியமில வாயு மானி ஒன்றைக் கையில் கொண்டுபோனால் சில நிமிடங்களில் உண்மை தெரிந்துவிடும்; 1,000 பிபிஎம்முக்கு மேல் காட்டும் அறைகளுக்கு முதலில் தண்டம் விதிக்காமல், கெடு கொடுத்துத் திருத்தச் சொல்வதே நல்லது என்பது என் கருத்து. மாநகராட்சியின் சொந்தக் கட்டடங்களில், குறிப்பாக நகர்ப்புற ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் வரி வசூல் மையங்களிலும், இனி ஏசி வாங்கும் ஒப்பந்தப் புள்ளிகளில் வெளிக்காற்று விசிறியையும் ஓர் இனமாகச் சேர்த்துவிட்டால், அது எப்படி இருக்கும், என்ன செலவாகும் என்பதை ஊரார் நேரில் பார்த்துக்கொள்வார்கள். இவற்றின் அனுபவத்தைக் கொண்டு விதித் திருத்தத்துக்கான முன்மொழிவொன்றை அரசுக்கு அனுப்பவும் வேண்டுகிறேன்.

நகரமைப்புப் பிரிவு விரும்பினால், குழாய், வடிகட்டி, விசிறி ஆகியவற்றின் அளவுகளோடு கூடிய மாதிரி வரைபடத்தை என் செலவிலேயே வரைந்து தரவும், ஏதேனும் ஒரு மாநகராட்சி அலுவலக அறையில் அதைப் பொருத்தி, முன்னும் பின்னும் அளந்து காட்டவும் அணியமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
காட்பாடியைச் சேர்ந்த குளிர்சாதனத் தொழிலாளி ஒருவர்