'எங்கே அடிபட்டது?' என்ற ஒரு கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு எழுதும் ஜன்னலுக்குப் பின்னால் 26 வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை. பெயர், வயது, ஊர், என்ன தொந்தரவு, இந்த நாலையும் கேட்டுச் சீட்டு எழுதி உள்ளே அனுப்புவது மட்டும்தான் என் வேலை. உங்கள் பத்திரிகையில் விபத்து, வெட்டு, தகராறு என்று செய்தி வராத நாளில்லை, படிக்கும்போதெல்லாம் ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது. எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நீளமாகப் போனால் வெட்டிப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடிபட்டு வருகிறவரிடம் "எப்படி ஆச்சு?" என்று எல்லோரும் கேட்போம். எங்கே ஆச்சு என்பதை ஒப்புக்குத்தான் கேட்போம். சீட்டில் "ஈ.சி.ஆர். ரோட்டில் விழுந்தது" என்று இருக்கும். தொண்டியில் பிடித்தால் தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று மாவட்டம் முழுக்க ஓடுகிற ரோடு அது, அதில் எந்த இடம் என்று எடுத்துக்கொள்வது? உள்ளே போனால் டாக்டர் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர்.-இல், "தெரிந்த இரண்டு நபர்கள் கட்டையால் தாக்கியதாகச் சொன்னார்" என்று எழுதுவார். நேரமும் இடமும் அதிலும் உண்டு, "வீட்டருகே" என்கிற அளவுக்கு. ஏ.ஆர். கோர்ட்டை மனதில் வைத்து எழுதப்படுவது. காயம் எத்தனை சென்டிமீட்டர் என்பதில் இருக்கிற கவனம் எந்தச் சந்து என்பதில் இருக்காது. ஸ்டேஷனுக்குத் தகவல் போகும், பாதி கேஸ் "பேசி முடிச்சுக்கிட்டோம் சார்" என்று அங்கேயே முடிந்துபோகும். நோட்டு அலமாரிக்குப் போய்விடும். அதைத் திரும்ப எடுத்துப் புரட்டி, இந்த மாதம் எந்த இடத்தில் எத்தனை பேர் அடிபட்டார்கள் என்று கூட்டிப் பார்த்த ஓர் ஆளை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. நானும் அப்படிக் கூட்டிப் பார்த்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வருடத்தில், இரண்டே மாதத்துக்குள், மூன்று பேர் மண்டை உடைந்து வந்தார்கள். வெவ்வேறு கிழமை, வெவ்வேறு டியூட்டி டாக்டர். ஒருவர் வழிப்பறி என்றார், ஒருவர் கடன் தகராறு, மூன்றாமவர் விழுந்துவிட்டேன் என்று சாதித்தார். மூன்றும் மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னால் போகிற ஒரே சந்தில் நடந்தவை என்பது எனக்கு டீக்கடையில்தான் தெரிந்தது. அந்தச் சந்தில் தெருவிளக்கு எரிந்தே பல மாதம் ஆகியிருந்தது. மூன்று சீட்டையும் எழுதியது இந்தக் கைதான். ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்டிருந்தால் இரண்டாவது ஆளோடு நின்றிருக்குமோ என்னவோ.

இதை ஓர் ஊரில் செய்து காட்டியே இருக்கிறார்கள். வேல்ஸ் நாட்டில் கார்டிஃப் என்ற நகரம், அதுவும் துறைமுக ஊர்தான். அங்கே ஜொனாதன் ஷெப்பர்ட் என்று முகம், தாடை அறுவைச் சிகிச்சை செய்கிற டாக்டர். சண்டையில் தாடை உடைந்தும், கண்ணாடி டம்ளரால் முகம் கிழிந்தும் வருகிறவர்களுக்குத் தையல் போட்டுப் போட்டு ஒரு கட்டத்தில் கணக்குப் பார்த்திருக்கிறார். அவர்களில் பெரும்பாலோர் விஷயம் போலீசுக்கே போகவில்லை. பயம், வெட்கம், எதற்கு வம்பு, எல்லா ஊரிலும் அதே காரணங்கள்தான் போலிருக்கிறது. அப்புறம் என்ன செய்தார்கள் என்றால், அவசர சிகிச்சைப் பிரிவின் வரவேற்பு மேஜையில் இருக்கிற ஊழியர், அதாவது என்னைப் போன்ற ஓர் ஆள், எந்த இடம், எத்தனை மணி, எதனால் அடித்தார்கள் என்று கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். பெயரை எடுத்துவிட்டு அந்த விவரத்தைப் போலீசும் நகராட்சியும் மருத்துவமனையும் சேர்ந்த ஒரு குழுவுக்குக் கொடுப்பார்கள். அவர்கள் வரைபடத்தில் குறித்துப் பார்த்து, எந்தத் தெருவில் எந்த நேரம் போலீஸ் நிற்பது, எந்த மதுக்கடையைக் கண்டிப்பது, எந்தத் தெருவில் வண்டியை நிறுத்தி ஆட்களை மட்டும் நடக்கவிடுவது என்று முடிவெடுத்தார்கள். கார்டிஃபை அதே மாதிரியான 14 நகரங்களோடு ஒப்பிட்டு 2011-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தது. அடிதடியால் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் மாதத்துக்கு லட்சத்தில் 7 பேராக இருந்தது கார்டிஃபில் 5 ஆனது. மற்ற ஊர்களில் 5 ஆக இருந்தது 8 ஆனது. சின்ன அடிதடி வழக்குகள் கார்டிஃப் போலீஸ் கணக்கில் கூடியிருந்தன. கைகலப்பு முற்றுவதற்கு முன்பே போலீஸ் அங்கே போய் நின்றால் கணக்கு அப்படித்தான் காட்டும் என்பது என் அபிப்பிராயம்.

சாலை விபத்துக்கு நம்மிடமும் வரைபடம் வந்துவிட்டது. 2021-இல் ஐ.ஆர்.ஏ.டி., அதாவது ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளம், என்று தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் முதலில் எடுத்துக்கொண்ட ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. விபத்து நடந்த இடத்திலிருந்தே போலீஸ் செயலியில் பதிவு செய்கிறார்கள். நல்லது. ஆனால் போலீசுக்குத் தெரிந்தால்தான் அதில் ஏறும். ராத்திரி ரோட்டில் படுத்திருக்கிற மாட்டில் பைக்கை விட்டுத் தோள்பட்டை இறங்கியவன் ஸ்டேஷனுக்கா போகிறான்? மருத்துவமனைக்குத்தான் வருகிறான், இல்லையென்றால் கட்டுப் போடுகிறவரிடம் போகிறான். பாம்பன் பாலத்தில் நடுவில் வண்டியை நிறுத்திக் கடலைப் படம் எடுக்கிறவர்கள் மேல் பின்னால் வருகிற வண்டி மோதுகிற கதையும் அப்படித்தான், பெரிய அடி இல்லையென்றால் இரண்டு பக்கமும் திட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

கடற்கரைக்கென்று தனிக் காயங்கள் உண்டு. கெளுத்தி முள், திருக்கை முள் குத்தினால் சூடு தாங்குகிற வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு முக்கால்வாசிப் பேர் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள், புரையோடினால்தான் வருவார்கள். பாசி எடுக்கப் போகிற பெண்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் கடலில் இறங்குவார்கள், அப்படியும் பாறை கிழித்துவிடும். இதெல்லாம் தொழிலோடு வருவது, சரி. ஆனால் கரைவலை இழுக்கிறவர்கள் பாட்டில் ஓடு குத்திக் காலில் ரத்தத்தோடு வருவார்கள் பாருங்கள், அது கடல் கொடுத்த காயமா? ராத்திரி கரையில் குடித்துவிட்டு உடைத்துப் போட்டது அது. அந்தக் கால்கள் எந்தக் கரையில் கிழிந்தன என்று குறித்தாலே எங்கே உட்கார்ந்து குடிக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும், அதே பாட்டில்தான் சில ராத்திரிகளில் இன்னொருவன் கழுத்துக்கும் போகிறது. நீலகிரியில் காட்டு விலங்குகளின் காலைக் கிழிக்கிறது என்று காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திருப்பித் தரும் திட்டத்தை 2022-இல் கொண்டுவந்தார்கள், அப்புறம் வேறு மாவட்டங்களுக்கும் போனது. யானைக்குக் காட்டிய அக்கறை கரைவலைக்காரன் காலுக்கும் கிடைக்கட்டுமே.

பெண்கள் விஷயத்தை எழுதாமல் விட்டால் பாவம். "பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லி வருகிற அக்காமார்களை, தங்கச்சிமார்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். வழுக்கி விழுந்தவளுக்கு இரண்டு கன்னமும் எப்படி வீங்கும்? பக்கத்திலேயே புருஷன் நிற்பான், நான் தலையைக் குனிந்து "விழுந்தது" என்று எழுதிவிடுவேன். கணக்கில் அது விபத்து. கூட வந்தவரை வெளியே நிறுத்திவிட்டு ஒரு நர்ஸ் தனியாகக் கேட்டால், 181 என்று பெண்களுக்கு ஓர் உதவி எண் இருப்பதைச் சொன்னால், கணக்கு மாறும். இதை மட்டும் ஜன்னலில் வைத்துக் கேட்கவே கூடாது, பின்னால் இருபது பேர் வரிசையில் காது கொடுத்து நிற்பார்கள்.

எனக்கும் ஒரு பயம் இருக்கிறது. கார்டிஃப் மூன்று லட்சத்துக்கு மேல் ஜனம் உள்ள நகரம். அங்கே வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்தால் அது வெறும் புள்ளி. இருநூறு வீடு உள்ள நம் குப்பத்தில் புள்ளி வைத்தால் அது இன்னார் வீடு. பெயரை எடுத்துவிட்டோம் என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. அதனால் இங்கே பொது இடத்தில் பட்ட காயத்தை மட்டும் இடத்தோடு குறிக்க வேண்டும், வீட்டுக்குள் பட்டதை ஊர்ப்பெயர் இல்லாமல் மாவட்ட எண்ணிக்கையாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, ஏற்கனவே "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று மாநிலமே கேலி பேசுகிற மாவட்டம் இது. எந்த ஊர், எந்தத் தெரு, எந்தச் சாதி என்று உடனே கணக்குப் போடுகிறவர்கள் இங்கே நிறைய. சிவப்புப் புள்ளி அதிகம் உள்ள தெருவை ரவுடித் தெரு என்று முத்திரை குத்திவிட்டால் அந்தத் தெருப் பையனுக்கு வேலை கிடைக்காது. வரைபடத்தைப் பார்த்து முதலில் லைட் போட வேண்டும், அப்புறம் மாட்டுக்காரரிடம் பேச வேண்டும், லத்தியோடு இறங்குவது கடைசியில்தான்.

பெரிய செலவும் இல்லை. மாவட்டத் தலைநகரில் மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது, 2022 ஜனவரியில் திறந்தார்கள். அங்கேயும், கடற்கரையில் உள்ள தாலுகா மருத்துவமனைகள் இரண்டு மூன்றிலும், ஆறு மாதத்துக்கு மட்டும் செய்து பார்க்கட்டும். பக்கத்தில் அடையாளம் சொல்கிற மாதிரி இடம், மணி, எதனால் என்ற மூன்றே கேள்வி. மாதம் ஒருமுறை மருத்துவமனை, போலீஸ், பஞ்சாயத்து, மீன்வளத்துறை ஆட்கள் ஒரு மேஜையில் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும், பார்த்ததில் எதைச் செய்தோம் என்று அடுத்த மாதம் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி விஷயம் இல்லாவிட்டால் இன்னொரு நோட்டு இன்னொரு அலமாரிக்குப் போகும், அவ்வளவுதான்.

ஜன்னலில் உட்கார ஆள் இல்லை என்று சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆறு மாதம் சம்பளம் இல்லாமல் நானே வந்து உட்காரத் தயார். போன மாதம்தான் கண்ணாடியும் மாற்றினேன், எழுத்து நன்றாகத் தெரிகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவமனை ஊழியர்,
இராமநாதபுரம் மாவட்டம்