மன்னாரில் படிப்பிக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் சுகம். நீ கடைசியாகப் போன் எடுத்துப் பதினெட்டு நாள். எண்ணிக்கொண்டிருப்பது அம்மா, நான் இல்லை. மன்னார் பஸ்ஸில் ஒரு பார்சல் போட்டுவிடுகிறேன். ஒடியல் மா, மிளகாய்த்தூள், கறுத்தக்கொழும்பான் ஆறு. மாங்காய் இன்னும் பழுக்கவில்லை, அரிசிக்குள் வை.

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரும்படி பிள்ளைகளுக்குச் சொன்னாயாம். யார் சொன்னது என்று கேட்காதே. நல்ல வேலைதான். ஆனால் பாடக்குறிப்பை எழுதிக் கையோடு வைத்திரு. அதிபரிடம் முதலே காட்டிவிடு. பதினோராம் தரப் புத்தகத்தில் இரண்டு உலகப் போரும் இருக்கின்றன. அங்கிருந்து தொடங்கினால் யாரும் வாய் திறக்க ஏலாது. ஹிரோஷிமாவைச் சொல்லி நிறுத்து. மிச்சத்தைப் பிள்ளைகளே கேட்பார்கள்.

இன்னொன்று. உன் வகுப்பில் தாயின் வயிற்றுக்குள் இருந்தே முள்ளிவாய்க்காலைக் கடந்த பிள்ளை இருக்கும். 2009 மே மாதம் வட்டுவாகலில் ஆமியிடம் கையளித்த மாமனை இன்னும் தேடுகிற வீட்டுப் பிள்ளை இருக்கும். எழும்பி வாசி என்று சொல்லாதே. எழுதித் தந்தால் வாங்கி வை. புள்ளி போடாதே. இதற்கு எப்படியம்மா நூற்றுக்கு இத்தனை என்று போடுவது?

வாத்தியார் பிள்ளை வாத்தியார் என்று பகிடி பண்ணிய எங்கள் ஒழுங்கைக்காரர் இப்போது தங்கள் பேரப்பிள்ளைகளுக்கு உன் குறிப்புகளை வாங்கித் தரச் சொல்லி என்னிடம் வருகிறார்கள். எனக்கு நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. ஆனால் இடமாற்றத்துக்கு எழுது என்று மூன்று வருடமாகச் சொல்கிறேன், கேட்கிறாயா? அம்மாவின் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது. பாடக்குறிப்பை மட்டும் மறக்காதே.

சரி. ஒக்டோபர் 30 பற்றிக் கேட்டாய்.

1995 என்றால் விடிய விடியச் சொல்வேன். வலிகாமமே இடம்பெயர்ந்து ஒரே ரோட்டில், நாவற்குழிப் பாலம், மழை, சைக்கிள் பாரில் நாலு வயது நீ, கரியரில் அம்மம்மாவின் தையல் மெசின். கைதடியில் நடந்தது உனக்குத் தெரியும், திரும்ப எழுதவில்லை. அதை வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததையும் 97,000 புத்தகம் என்று தொகையோடு ஒவ்வொரு வருடமும் சொன்னவன் நான். புத்தகத்தில் இல்லை என்று எனக்கும் தெரியும்.

நீ கேட்டது அந்த ஒக்டோபர் 30 இல்லை. 1990. “அன்றைக்கு நீங்கள் எங்கே நின்றீர்கள் அப்பா?” என்றாய். பால் பொங்குகிறது என்று போனை அம்மாவிடம் கொடுத்தேன். அடுப்பில் பால் இருக்கவில்லை.

ஊரில், யாழ்ப்பாணத்தில்தான் நின்றேன். என் ஒன்பதாம் வகுப்பில் சோனகத் தெரு முஸ்லிம் பெடியன்கள் மூன்று பேர். அன்று காலை புலிகள் இயக்கம் ஒலிபெருக்கியில் அறிவித்து, அங்கிருந்த சனத்தை ஒஸ்மானியா மைதானத்துக்கு வரச் சொன்னது. இரண்டு மணித்தியாலத்தில் வெளிக்கிடச் சொன்னார்கள். நகையும் காசும் பறித்துக்கொண்டுதான் விட்டார்கள். வடக்கு முழுவதிலும் 70,000 பேருக்கு மேல் அந்த மாதத்தில் போனார்கள். நான் பின்னேரம் ஐந்து சந்தியால் சைக்கிளில் வந்தேன். கதவுகள் திறந்தபடி. ஒரு வளவுக்குள் கட்டின கயிற்றோடு ஆடு ஒன்று கத்திக்கொண்டு நின்றது. அதை அவிழ்த்துவிடக்கூட நான் இறங்கவில்லை.

பிறகு பள்ளிக்கூடம் கூடிய நாள் இடாப்புக் கூப்பிட்டேன். முதல் பெயரில் குரல் நின்றுவிட்டது. “சேர், அவங்கள் இனி வரமாட்டாங்களோ?” என்று ஒருவன் கேட்டான். பாடத்தைப் பார் என்றேன். சிவப்புப் பேனையால் மூன்று கோடு. அன்றைக்குப் பொலன்னறுவை. ஒரு துளி நீரையும் வீணே கடலுக்கு விடேன் என்ற பராக்கிரமபாகுவைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, கொப்பியில் எழுதுங்கோ என்றேன்.

பயம் என்று சொல்லலாம். பயம்தான். வாய் திறந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் 2009க்குப் பிறகு இயக்கம் இல்லையே. ஓய்வு பெற முன் இன்னும் ஆறு வருடம் படிப்பித்தேன். ஒரு வகுப்பில், ஒரு நாளாவது சொல்லவில்லை. அதற்கு என்ன பெயர் வைப்பது? எங்கள் சனம் பட்ட பாட்டைச் சொல்லும்போது குரல் நன்றாகத்தான் வந்தது.

முசலி முஸ்லிம் பிள்ளைகளும் உன் வகுப்பில் இருக்கிறார்கள் என்றாய். அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் எழுத ஏதாவது சொல்லியிருப்பார்கள். அந்தக் கொப்பிகளில் என்ன இருந்தது என்று கேட்கத்தான் பதினெட்டு நாளும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணியது நானும்தான்.

அந்த மூன்று பெயரும் வரிசையோடு இன்றும் ஞாபகம் இருக்கிறது. ஆறு மணிக்குப் பிறகு எடு. அம்மா கோயிலுக்குப் போயிருப்பாள், நான்தான் எடுப்பேன்.

மாங்காயை அரிசிக்குள் வை. பாடக்குறிப்பு.

அப்பா